ஆறு மாடிச் சடை

லிஃப்டில் ஏறியதும் எல்லோரும் செல்போனைப் பார்க்கிறீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் சான்றிதழை ஒருவரும் பார்ப்பதில்லை. அதன் அடியில் கையெழுத்துப் போடுகிறவள் நான். இருபத்துமூன்று வருடங்களாக லிஃப்ட் பரிசோதகர். அலுவலகத்தில் எனக்குச் 'சிடுமூஞ்சி மேடம்' என்று பெயர். என் காதுபடவே சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் கையெழுத்துப் போட்ட எந்த லிஃப்டும் இன்றுவரை யாரையும் அந்தரத்தில் நிறுத்தியதில்லை.

அந்தச் சனிக்கிழமை என் முறையே அல்ல. அந்தப் பகுதியைப் பார்ப்பவர் எங்கள் அலுவலகத்து முதுகுவலிக்காரர். காலையில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. "ஒரே ஒரு பழைய சரக்கு லிஃப்ட்தான் மேடம், மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற பரிசோதனை, அரை நாள் வேலை" என்று போனிலேயே என் தலையில் கட்டிவிட்டார்.

வண்டியை முனையில் நிறுத்திவிட்டுத் தெருவுக்குள் நடந்தேன். நடைபாதையில் நீளமாக ஒரு விரிசல். யாரோ அதன் இரு ஓரத்திலும் ஜிப் பற்களை வரைந்து, நுனியில் இழுக்கும் வளையத்தையும் வரைந்து வைத்திருந்தார்கள். நான் குனிந்து இழுக்கப் போய்விட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கொஞ்சம் தள்ளி, ஏ.சி. பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டும் சுவரில், சொட்டு விழும் இடத்துக்கு நேராக ஒரு குட்டி மனிதன் குடை பிடித்துக்கொண்டு நின்றான். வளைந்துபோன விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் எறும்பு, இது தன் வேலைதான் என்று காட்டிக்கொண்டு கம்பத்தைத் தலையால் முட்டிக்கொண்டிருந்தது.

பொழுது போகாதவர்கள் பார்த்த வேலை என்று முணுமுணுத்தேன். ஆனால் என் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அதைச் சிரிப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

கட்டடம் ஒரு காலத்தில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையாக இருந்ததாம். இப்போது அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். எதையாவது செய்கிற, தைக்கிற, வரைகிற கூட்டம். வாசல் அலமாரியில் அவர்கள் கைவண்ணத்தைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஒரு கோப்பைக்குக் கைப்பிடி உட்பக்கம் இருந்தது. சூடான டீக்குள் விரலை விட்டால்தான் தூக்க முடியும். சுவர்க் கடிகாரத்துக்கு ஒரே ஒரு முள், எண்களுக்குப் பதில் வார்த்தைகள். நான் உள்ளே நுழைந்தபோது மணி 'இன்னும் நேரம் கிடக்கு'.

கட்டட உரிமையாளர் கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்தார்.

"மேடம், கொஞ்சம் கடுமையாவே எழுதுங்க. இந்தத் தகர டப்பாவத் தூக்கிட்டு, கண்ணாடி வச்ச புது லிஃப்ட் போடப்போறேன். ஷாஃப்ட் சுவரையெல்லாம் உடைச்சு அகலப்படுத்தணும். இங்க இருக்கிறவங்க விடமாட்டேங்குறாங்க. நீங்க 'தேறாது'ன்னு ஒரு வார்த்தை எழுதிட்டா, ஒருத்தரும் வாயத் திறக்க முடியாது."

"நான் பாக்குறதத்தான் எழுதுவேன்" என்றேன்.

ஷாஃப்ட் என்பது லிஃப்ட் ஏறி இறங்கும் செங்குத்தான சந்து. பூட்டிய கதவுக்குள் கிடப்பது. சாவி வைத்திருக்கும் மெக்கானிக்கைத் தவிர வேறு யாரும் அதற்குள் தலை நீட்டக்கூடாது.

லிஃப்டின் கம்பிக் கதவை இழுத்தேன். உள்ளே மூன்று பேர் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்கள். மடியில் அக்கார்டியன் வாத்தியத்தோடு ஒரு பெண். பழைய சூட்கேஸைக் கவிழ்த்துப்போட்டு அதில் தாளம் தட்டும் ஒரு மொட்டைத்தலை. நடுவில் முடியைக் கிராப் வெட்டிக்கொண்ட ஒரு பெண்; அவள்தான் பாட்டுக்காரி.

"எறங்குங்க. பரிசோதனை நடக்கப்போகுது."

"மேடம், மூணு மணிக்கு எங்க நிகழ்ச்சி" என்றாள் பாட்டுக்காரி. "இதுதான் மேடை."

"லிஃப்டா?"

"ஆமா. ஒரு தடவைக்கு ஆறு பேர் பாக்கலாம். ஏறும்போது பாதிப் பாட்டு, எறங்கும்போது மீதி. அவங்க போனதும் அடுத்த ஆறு பேர்."

அந்த லிஃப்ட் தரையிலிருந்து ஆறாவது மாடிக்குப் போக இரண்டு நிமிடம் எடுக்கும். ஆமை பின்னால் வந்தால் ஹார்ன் அடித்து ஒதுங்கச் சொல்லும்.

"வேற நல்ல லிஃப்டா பாத்துப் பாடக்கூடாதா?"

"வேற லிஃப்ட்ல பல்லவி முடியறதுக்குள்ள மாடி வந்துடும் மேடம்" என்றார் மொட்டைத்தலை.

பரிசோதனைக்கு எப்படியும் உள்ளே எடை வேண்டும். மூன்று ஆட்களும் ஓர் அக்கார்டியனும் எடைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஏறினேன். கதவைச் சாத்தி, ஆறை அழுத்தினேன்.

பெட்டி ஒரு குலுக்கு குலுக்கிவிட்டுக் கிளம்பியது. அக்கார்டியன் மூச்சு இழுத்தது. சூட்கேஸ் டொக்கு டொக்கு என்றது. பாட்டுக்காரி எனக்கு மட்டும் ரகசியம் சொல்கிறவள் குரலில் ஆரம்பித்தாள்.

*ஒண்ணாம் மாடியில குடையை மறந்தேன்,*
*ரெண்டாம் மாடியில சண்டையை மறந்தேன்...*

மாடிக்கு ஒன்றாக மறந்துகொண்டே போகிறாள். இதெல்லாம் ஒரு பாட்டா என்று நினைப்பதற்குள் என் பேனா படிவத்தின் ஓரத்தில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. அதைப் பிடித்துச் சட்டைப்பையில் செருகிவிட்டு, பின்பக்கம் திரும்பினேன்.

இந்த மாதிரிப் பழைய சரக்கு லிஃப்டுக்குப் பின்னாலும் ஒரு கம்பிக் கதவு இருக்கும். அந்தக் காலத்தில் இரு பக்கமும் சரக்கு ஏற்றுவார்கள். பின்பக்க வாசல்களை எப்போதோ செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டதால், கம்பிகளுக்கு அப்பால் அடியிலிருந்து உச்சிவரை ஒரே சுவர். அதில் ஒரு சிவப்பு ரிப்பன் முடிச்சு தெரிந்தது.

ரிப்பனுக்கு மேலே சடை. ஒரு பெண்ணின் பின்னல், ஆள் அகலத்துக்கு. லிஃப்ட் ஏற ஏற அதுவும் ஏறிக்கொண்டே இருந்தது. முதல் மாடியில் எறும்புகள் வரிசையாக ஒரு ஹேர்பின்னைத் தூக்கிக்கொண்டு பின்னலில் ஏறின. இரண்டாவதில் ஏணி போட்டு நின்ற ஒரு குள்ளன், தன்னைவிடப் பெரிய சீப்பால் சிக்கெடுத்தான். மூன்றாவதில் மூன்று குருவிகள் பின்னலின் மடிப்புக்குள் குடித்தனம் நடத்தின. ஒன்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது. நாலாவதில் பின்னலுக்குள்ளேயே தீப்பெட்டி அளவில் ஒரு லிஃப்ட், அதற்குள் செல்போன் பார்க்கும் நாலு பேர். நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். மொட்டைத்தலை தாளத்தைத் தவறவிட்டார்.

ஆறாவது மாடியில் சடைக்குரிய தலை வந்தது. பதின்மூன்று வயதுப் பெண். கழுத்தைத் திருப்பிக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு விழுந்த புருவம். பல்லில் கடித்த பென்சில். இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு.

என் கை தானாக என் இடது புருவத்துக்குப் போனது. அது நான்.

என்னைப் பதின்மூன்று வயதில் பார்த்தவர்களில், ஷாஃப்ட் சாவி வைத்திருக்கிறவன் உலகத்திலேயே ஒருவன்தான். சுவரில் மாட்டியிருந்த பராமரிப்புப் பதிவேட்டைப் பிடுங்கிப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் என் தம்பியின் கையெழுத்து.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்துநாலு வயது. வாயில்லாப் பூச்சி. எந்தெந்தக் கட்டடம் பார்க்கிறாய் என்று கேட்டால்கூட 'அங்கங்க' என்பான். ஷாஃப்டுக்குள் சொந்த வேலை பார்த்தான் என்று நான் ஒரு வரி எழுதினால், அவன் உரிமம் அன்றோடு போய்விடும். வேறு தொழில் அவனுக்குத் தெரியாது. எழுதாமல் விட்டால் நான் நானாக இருக்க முடியாது.

போன் போட்டேன். "உடனே கெளம்பி வா."

"எங்கக்கா?"

"எங்கேன்னு உனக்கே தெரியும்."

இருபது நிமிடத்தில் வந்துவிட்டான். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, லிஃப்ட் வாசலில் நின்ற என்னைப் பார்த்தான்.

"பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"மூக்கு மட்டும் சரியா வரலக்கா."

"மூக்காடா இப்ப பிரச்சினை? இருபத்துநாலு மீட்டர் உயரம்! கால் தவறியிருந்தா, உன்ன வழிச்சு எடுத்திருக்கணும். அறிவு இருக்கா உனக்கு?"

நான் போட்ட கூச்சலில் பாட்டுக்காரர்கள் மூவரும் படிக்கட்டுப் பக்கம் நழுவினார்கள். அவனைப் பெட்டியின் கூரைக்கு ஏறி, எப்படி வரைந்தான் என்று செய்து காட்டச் சொன்னேன். கூடவே நானும் ஏறினேன். மெயின் சுவிட்சை அணைத்தான். யாரும் மறுபடி போட்டுவிடாதபடி தன் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டான். நிறுத்தும் பொத்தானை அமுக்கினான். இடுப்புப் பெல்ட்டை மேல் உத்தரத்தில் கொக்கி மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். நான் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுப்பதைவிடச் சுத்தமாக இருந்தது.

"மாசம் ஒரு நாள், பராமரிப்பு முடிஞ்சப்புறம் வரைவேன். பதிவேட்ல எழுதியிருக்கேனே."

பார்த்தேன். 'ஷாஃப்ட் சுவர் வண்ணப் பூச்சு, பகுதி 1' என்று ஆரம்பித்து, 'பகுதி 31' வரை தேதி போட்டு, நேரம் போட்டு எழுதியிருந்தான்.

"சுவத்துக்கு வண்ணம் பூசணும்னு விதியிலயே இருக்குக்கா. எந்த உருவத்துலன்னு சொல்லல. மிச்சம் இருந்த பெயின்டெல்லாம் இங்க இருக்கிறவங்களே குடுத்தாங்க."

இந்த வாயில்லாப் பூச்சிக்கு விதிப் புத்தகம் இவ்வளவு மனப்பாடம் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் என்ன கேட்டாலும் தலையாட்டிக்கொண்டிருந்தானே!

கோபம் கொஞ்சம் இறங்கியதும், நெஞ்சில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. பதினேழு வயதில் அவனிடம் நோட்டு நோட்டாகப் படங்கள் இருந்தன. அப்பா இறந்துபோன வருடம் அது. அவனுக்காக லிஃப்ட் பயிற்சிக்கு விண்ணப்பம் எழுதியது நான்தான். 'படம் வரைஞ்சா வயிறு நெறையாது' என்று சொன்னதும் நான்தான். நான் அதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய்.

"ஏன்டா என்னப் போய் வரைஞ்ச?" என்றேன். "அதுவும் ஆறு மாடி நீளத்துக்கு, இவ்வளவு கோவமா."

அவன் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "பள்ளிக்கூடம் போறப்ப ரோட்டுல கூட்டமா இருக்கும்ல? உன் கையில உன் பையும் இருக்கும், என் பையும் இருக்கும். அதனால சடை நுனிய என் கையில குடுத்து, 'விடாம பிடிச்சுக்க'ம்ப. நான் பிடிச்சு இழுத்துக்கிட்டே வருவேன். வலிச்சிருக்கும். ஒரு தடவைகூட 'விடுடா'ன்னு நீ சொன்னதில்ல."

நான் சுவரில் இருந்த பின்னலைத் தொட்டுப் பார்த்தேன்.

"பெல்ட்டுல தொங்குறப்பல்லாம் அதான் ஞாபகம் வரும். அந்தப் படத்துல நீ கோவப்படலக்கா. பின்னாடி நான் வர்றேனான்னு திரும்பிப் பாக்குற."

லிஃப்ட் கூரையில், கிரீஸ் நாற்றத்துக்கு நடுவே, நான் மூக்கை உறிஞ்சினேன். "வரைய விடாம இந்த வேலையில தள்ளிட்டேன்னு உனக்கு என் மேல வருத்தமே இல்லையாடா?"

"இருந்துச்சு, ஒரு ரெண்டு வருஷம்" என்றான். "அப்புறம் யோசிச்சேன். யாருக்குக்கா கெடைக்கும், இவ்வளவு பெரிய சுவர்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு டார்ச்சை எடுத்தேன். வேலை வேலைதான். ஓர் அங்குலம் விடாமல் பார்த்ததில் ஒரு குற்றம் அகப்பட்டது. ஒவ்வொரு தளத்துக்கும் நேராகச் சுவரில் மஞ்சள் கோடு இருக்க வேண்டும். மின்சாரம் போனால், எந்தத் தளத்தில் நிற்கிறோம் என்று மெக்கானிக் அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வான். நாலாவது மாடிக் கோட்டின் மேல் பின்னலை வரைந்துவிட்டிருந்தான் இந்த மேதை.

"இது என்ன?"

நாக்கைக் கடித்துக்கொண்டான். பத்து நிமிடத்தில் பின்னலுக்குக் குறுக்கே பளிச்சென்று மஞ்சள் கோடு வந்தது. அதையும் பதிவேட்டில் எழுதச் சொன்னேன்.

பிறகு அலுவலகத்துக்குப் போன் போட்டு, முதுகுவலிக்காரரை வரச் சொன்னேன். தம்பியின் முகம் வெளுத்தது.

"நீ கையெழுத்துப் போடலையா?"

"நீ என் தம்பி. நான் போடக்கூடாது."

"எல்லாம் சரியா இருக்குன்னு நீயே பாத்தியே. அவர் எப்படிப்பட்டவர்னு எனக்குத் தெரியாது. படத்தப் பாத்துட்டு ஒரு வார்த்தை எழுதிட்டார்னா, சுவரும் போச்சு, நானும் போனேன்."

"சொந்தக்காரங்க கையெழுத்துப் போட்டா அது சான்றிதழ் இல்லடா, கல்யாணப் பத்திரிகை."

நான் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இவனை இரண்டாம் தடவையும் நானே தள்ளிவிடுகிறேனோ என்று நினைத்தேன். அதற்காக மாற்றிக்கொள்ளவும் இல்லை.

முதுகுவலிக்காரர் இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு, அப்படியும் இப்படியும் சாய்ந்தபடி ஒன்றரை மணிக்கு வந்தார். தம்பி விஷயம் முழுவதையும் சொன்னேன். கோடு விஷயத்தையும் மறைக்கவில்லை. 'ம்' என்றார். கம்பிக் கயிற்றை அளந்தார். பிரேக்கைச் சோதித்தார். கதவுப் பூட்டுகளை ஏழு தளத்திலும் ஆட்டிப் பார்த்தார். உரிமையாளர் நிழல் மாதிரி பின்னாலேயே போய், "தேறாதுல்ல சார்? தேறாதுல்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நானும் தம்பியும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். அவன் தன் விரலில் காய்ந்திருந்த மஞ்சள் பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

கடைசியாக அவர் ஆறாவது மாடிவரை போய்விட்டு வந்தார். இறங்கி வந்ததும், என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"பென்சிலக் கடிக்கிற பழக்கம் அப்பவே உண்டா மேடம்?"

"எழுதுறத எழுதுங்க சார்" என்றேன்.

சுவரில் படிவத்தை வைத்து எழுதினார். "கயிறு ஆறு மாசத்துல மாத்தணும். மத்ததெல்லாம் சரியா இருக்கு. சுவர்ப் பூச்சு நல்ல நிலையில் உள்ளது. பத்துப் பேர் தாராளமா போகலாம்."

"சார், அந்தப் படம்?" என்றார் உரிமையாளர்.

"படத்துக்குன்னு படிவத்துல கட்டம் இல்லையே."

பாட்டுக்காரி என் தம்பியைத் தூக்கிச் சுற்றப்போனாள். அவன் கருவிப் பையைக் குறுக்கே பிடித்துத் தப்பித்தான். உரிமையாளர் சாவியைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார். அங்கிருந்து தெருமுனைவரை வரிசை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் அவரும் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

மூன்று மணிக்கு முதல் சவாரி. பாட்டுக்காரர்கள் மூன்று பேர், இயக்குவதற்குத் தம்பி, வரிசையிலிருந்து ஐந்து பேர், முதுகுவலிக்காரர். பத்து.

"வாங்க மேடம், ஒருத்தர்தானே" என்றாள் பாட்டுக்காரி.

"இந்த 'ஒருத்தர்தானே'ய இருபத்துமூணு வருஷமா கேக்குறேன்" என்று சொல்லிக் கதவை நானே இழுத்துச் சாத்தினேன்.

லிஃப்ட் கிளம்பியது. படிக்கட்டு அதன் முன்பக்கமாகவே வளைந்து வளைந்து போகிறது. சும்மா நாலு படி ஏறினேன். கம்பிக் கதவுக்குள் அவர்கள் எனக்கு நேராக இருந்தார்கள். இன்னும் ஆறு படி ஏறினேன். அப்போதும் நேராகவே இருந்தார்கள். அப்புறம் எனக்கு என்ன ஆனதோ, ஐம்பத்தோரு வயதில், கையில் படிவப் பலகையோடு ஓட ஆரம்பித்தேன்.

உள்ளே எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்சுவரை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். முதுகுகள் சிரிப்பில் குலுங்கின. தம்பி மட்டும் முன்பக்கம் திரும்பி நின்றான். ஒவ்வொரு மாடியிலும் கம்பிக்கு நடுவே அவன் முகம் என்னைத் தேடியது.

"வந்துட்டியாக்கா?"

"வந்துட்டேன்டா... நீ... அந்தப் பக்கம் பாரு!"

அவன் பார்க்கவில்லை. இவ்வளவு பெருமையாக அவன் முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆறாவது மாடிக்கு லிஃப்டைவிட அரை மாடி முன்னதாகவே போய்ச் சேர்ந்து, கைப்பிடியில் தொங்கினேன். முழங்கால் இரண்டும் திட்டின. பாட்டு கீழேயிருந்து ஏறி ஏறி என் காலடிக்கு வந்தது. பெட்டி தளத்தோடு சமமாக நின்றதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

முதுகுவலிக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "எறங்குறதுக்கு நான் படியிலயே போயிடுறேன் மேடம். முதுகுக்கு அதுதான் நல்லதாம், டாக்டர் சொன்னார்."

எந்த டாக்டரும் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். என் கண் கலங்கியிருந்ததை யாரும் கேட்கவில்லை. ஆறு மாடி ஓடிய மூச்சிரைப்பு என்று நினைத்திருப்பார்கள். தம்பி நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டான். உள்ளே எண்ணிப் பார்த்தேன், ஒன்பது பேர். ஏறினேன்.